பூஜ்யத்துக்கு மேல் ஒன்று

வானிலை அலுவலகத்தில் காலையில் முதல் வேலை, நேற்றுச் சொன்னது பலித்ததா என்று பார்ப்பது. விடியற்காலையில் பூஜ்யத்துக்கு மேல் ஒரு டிகிரி இருக்கும் என்று அவள் எழுதியிருந்தாள். தோட்டத்து வெள்ளைப் பெட்டிக்குள் இருந்த வெப்பமானி, பூஜ்யத்துக்குக் கீழே ஒன்று வரை இறங்கியிருந்தது. இரண்டு டிகிரி பிசகு. மற்ற நாளாக இருந்தால் உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பாள். இன்று அப்படி விட முடியவில்லை.

கணிப்பு பூஜ்யத்துக்கோ அதற்குக் கீழேயோ போனால்தான் நகராட்சி இரவுக் காப்பகத்தைத் திறக்கும். ஒன்று என்றால் கதவில் பூட்டு. அவளுடைய அண்ணனோ இரண்டு வருடமாகப் பேருந்து நிலையத்தில்தான் படுக்கிறான். அப்பாவோடு முட்டிக்கொண்டு வீட்டை விட்டுப் போனவன். தங்கை கூப்பிட்டாலும் வரமாட்டான். அவனிடம் மிச்சமிருக்கும் சொத்து அந்த வீம்பு ஒன்றுதான். போனும் கிடையாது. காலையில் வேலைக்கு வரும் வழியில் எட்டிப் பார்த்தாள். அட்டை விரித்தபடி கிடந்தது, ஆளைக் காணோம்.

"விடியறப்பவே எழுந்து போயிட்டாரும்மா. நடையே சரியில்ல," என்றார் டிக்கெட் கவுண்டர்காரர்.

அந்த நடை அன்று முழுக்க அவள் கூடவே வந்தது.

கணினி ஐந்து விதமாகக் கணக்குப் போட்டுத் தந்திருந்தது. நான்கு கணக்கில் ஒன்று, ஐந்தாவதில் மைனஸ் மூன்று. பெரும்பான்மைக்குக் கைதூக்குகிற வேலை அல்ல இது. கணினி பூமியை ஒன்பது கிலோமீட்டர் கட்டங்களாக வெட்டி, கட்டத்துக்கு ஓர் எண் போட்டுவிட்டுப் போய்விடும். குன்று, ஏரி, பள்ளத்தில் கிடக்கும் பேருந்து நிலையம் எல்லாம் அதற்கு ஒன்றுதான். குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி பள்ளம் பார்த்து இறங்கும் என்பதை மனிதர்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். காலையில் பறக்கவிட்ட பலூன், மேலே காற்று காய்ந்து கிடக்கிறது என்று சொல்லியிருந்தது. மேகம் சாயங்காலத்துக்குள் கலைந்துவிடும். காற்றும் நின்றுவிடும். போர்வை விலகிய தரை, இருக்கிற சூட்டையெல்லாம் விட்டுவிடும். இவ்வளவும் தெரிந்தும் கை 'ஒன்று' என்றே அடித்தது.

நான்கு மணிக்குக் கணிப்பு வெளியாக வேண்டும். மூன்றரை ஆகியும் அதை அனுப்ப அவளால் முடியவில்லை. எழுந்து தலைமை அதிகாரியிடம் போனாள். தசமப் புள்ளியைக் கூட விட்டுக்கொடுக்காதவர் என்பதால் அலுவலகம் அவருக்கு வைத்த பெயர் 'புள்ளி சார்'.

"சார், இன்னைக்கு நீங்க போடுங்க. எங்கண்ணன் ரோட்டுலதான் படுக்கிறான். நான் குறைச்சுப் போட்டா, அவனுக்காக வானத்தையே வளைச்சுட்டேன்னு ஆயிடும்."

ஆறு வருடத்தில் அவளுக்கு அண்ணன் உண்டு என்பதே அவருக்கு இப்போதுதான் தெரியும். அவளுடைய கடைசிப் பத்து நாள் கணிப்புகளைத் திரையில் வரவழைத்து விரலால் தடவிக்கொண்டே போனார்.

"பத்துல எட்டு நாள் நெஜத்தவிட சூடாப் போட்டிருக்க. மூணு நாள் காப்பகம் தொறந்திருக்கணும், தொறக்கல. வேலைக்குச் சேர்ந்தப்ப நீ இப்படி இல்லையேம்மா. அண்ணனுக்காக எங்க குறைச்சே? அண்ணனுக்குப் பயந்து கூட்டியிருக்க."

நேர்மை என்று நினைத்து இத்தனை நாள் கட்டிக்கொண்டு அழுதது இதைத்தானா?

"நீயே போடு. அண்ணன் இல்லைன்னு நெனச்சுக்கிட்டுப் போடு," என்றார்.

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. நாற்காலிக்குத் திரும்பி, மைனஸ் மூன்று என்று அடித்து அனுப்பினாள்.

ஆறு மணிக்குக் காப்பக வாசலில் நின்றாள். மேகம் சொன்னபடி கலைந்திருந்தது. கணிப்பு பலிக்கிறதே என்று அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. மூச்சு புகையாக வந்தது. கம்பிக் கதவைத் தொட்டால் விரல் மரத்தது. பத்து நிமிடத்தில் காது வலித்தது, இருபதில் பாதம் தன்னுடையதா என்றே தெரியவில்லை. இதில் ஒருவன் இரவு முழுக்கப் படுத்திருந்தானே என்று நினைத்தபடியே வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தாள். ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். பதினேழு பேர். அண்ணன் இல்லை.

பதினெட்டாவதாக, ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்தான்.

"என்ன குட்டி, இங்க?"

கோட்டுப் பொத்தானைக் கழற்ற அவனுக்கு வரவில்லை. அவள் அந்தக் கையைப் பிடித்தாள். விரல்கள் கட்டையாக இருந்தன.

"உன் போர்வை எங்கண்ணா?"

"பக்கத்துல ஒரு பெரியவர், பாவம், நடுங்கிக்கிட்டு இருந்தாரு. நேத்து நீ ஒண்ணுன்னு போட்டிருந்தியாமே, கவுண்டர்ல சொன்னாங்க. எந்தங்கச்சி போட்டா சரியாத்தான் இருக்கும், தாங்கிக்கலாம்னு அவருக்குக் குடுத்துட்டேன்."

"தப்பாப் போட்டுட்டேண்ணா," என்றாள். உனக்குப் பயந்துதான் என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை. அவன் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.