மோட்டார் ரூமை ஒட்டிய வீடு

ஒவ்வொரு கட்டிடம் கட்டி முடித்ததும், எந்த வீட்டைப் பார்த்து எல்லோரும் முகம் சுளிக்கிறார்களோ அந்த வீட்டில்தான் அவள் முதலில் குடியேறுவாள். புருஷனையும் அவனுடைய வரைபலகையையும் கூடவே இழுத்துக்கொண்டு. இருந்து பார்த்து, குறையைச் சரிசெய்து, அப்புறம்தான் வாங்கியவர் கையில் சாவி. முதல் கட்டிடத்தில் லிஃப்டுக்குப் பக்கத்து வீடு. அடுத்ததில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே.

"உன்னைக் கட்டிக்கிட்டு நான் பார்க்காத ஒழுகல் இல்ல" என்பான் அவன்.

சைட்டில் அவளுக்குப் பெயர் ரசமட்டம். ஒரு கான்ட்ராக்டரிடம் இன்ஜினியராகச் சேர்ந்த புதிதில், பூசி முடித்த சுவரில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, குமிழி நடுவில் நிற்கவில்லை என்று மொத்தத்தையும் உடைக்கச் சொன்னவள். கொத்தனார்கள் கிண்டலாக வைத்த பெயர். அதே கொத்தனார்கள்தான், அவள் சொந்தமாக மனை வாங்கிக் கட்டக் கிளம்பியபோது பழைய முதலாளியை விட்டுவிட்டு அவள் பின்னால் வந்தார்கள்.

இது நாலாவது கட்டிடம். இந்த முறை ஒரு பேச்சு இருந்தது. மேல்மாடி மூலை வீடு அவர்களுக்கே. இரண்டு பக்கமும் ஜன்னல். பாடப் புத்தகங்களுக்குப் படம் வரைந்து பிழைக்கிறவனுக்கு அந்த வெளிச்சம் போதும், வேறு சொர்க்கம் வேண்டாம். இப்போது குடியிருந்து பார்க்கிற, கீழே மோட்டார் ரூமை ஒட்டிய வீடு தேறிவிட்டால் மேலே போய்விடலாம். அதற்கப்புறம் மூட்டை கட்டுகிற வேலையே இல்லை.

கீழ் வீட்டை வாங்கியிருந்தவள் ஒரு நர்ஸ். இரவில் வேலை, பகலில் தூக்கம். பழைய வீட்டைக் காலிசெய்தாயிற்று என்று, வேலை முடிந்த கையோடு பெட்டியும் தூக்கிக்கொண்டு சாவி கேட்டு வந்து நின்றாள்.

ரசமட்டம் புருஷனைப் பார்த்தாள். "பகல்ல நான் சைட்ல இருக்கேன். வீட்ல இருக்கறது நீங்கதான். மோட்டார் ஓடறப்போ எப்படி இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. தாலாட்டு மாதிரிதான்."

"அப்ப சத்தம் இருக்கு."

"ஐயோ, ஒரு பேச்சுக்குச் சொன்னேன்மா!"

அவள் போய் மோட்டாரைப் போட்டாள். நர்ஸைப் படுக்கை அறையில் படுத்துப் பார்க்கச் சொன்னாள். அந்தப் பெண் தலையைச் சாய்த்ததுதான் தெரியும். குறட்டை.

"பாத்தியா? இதுக்கு மேல என்ன சர்டிபிகேட் வேணும்?"

"ராத்திரி பூரா நின்னுட்டு வந்திருக்குங்க. இன்னைக்குக் கலவை மெஷினுக்குள்ள படுக்க வச்சாலும் தூங்கும். தினமும் தூங்கணுமே."

செருப்பைக் கழற்றிவிட்டு, கன்னத்தைச் சுவரில் ஒட்டவைத்து, கண்ணை மூடி நின்றாள். "இங்க கை வைங்க."

வைத்தான். சுவருக்குள் வண்டு மாட்டிக்கொண்டதுபோல் ஒரு நடுக்கம். அவனுக்குப் பழகிய நடுக்கம்தான்.

"கோடு போடறப்போ தெரியும்" என்றான் மெதுவாக.

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா மேல போக முடியாதே."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மோட்டாரையே வண்டி நிறுத்துற பக்கம் மாத்தணும்போல இருக்கு. புது ரூம், புது பைப். மாசக்கணக்குல ஆகும்."

"அதுவரைக்கும் இந்தப் பொண்ணு எங்க போகும்?"

அவள் கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றினாள். மூலை வீட்டுச் சாவி. அவன் வாயைத் திறந்தான்.

"நம்ம வீடு!"

"நம்ம வீடுதான். அதனாலதானே கொடுக்க முடியுது?"

இவளோடு வாதாடி ஜெயித்தவன் இன்னும் பிறக்கவில்லை. நர்ஸ் எழுந்ததும் பெட்டியை அவனே மேலே தூக்கிப் போனான். கதவைத் திறந்தபோது தரை முழுக்க வெயில் கிடந்தது.

"உங்களுக்குன்னு வச்சிருந்ததாமே சார்?"

"இருக்கட்டும்மா. நல்லாத் தூங்குங்க."

கீழே வந்தபோது மோட்டார் ரூமில் பிளம்பரும் அவளும் ஸ்பானரோடு குந்தியிருந்தார்கள். "பைப்பைச் சுவத்துல பிடிச்சிருக்கற கிளாம்பைத் தளர்த்திப் பார்க்கறோம். அதுலயே சரியாயிட்டா மோட்டாரை மாத்த வேண்டாம். நீங்க உள்ள போய் கை வைங்க."

போய் வைத்தான். அந்தப் பக்கத்திலிருந்து குரல். "இப்ப?"

"குறைஞ்சிருக்கு."

ஸ்பானர் உராயும் சத்தம். "இப்ப?"

உள்ளங்கையில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் நம்பிவிடுவாள். சாயங்காலமே நர்ஸின் பெட்டி கீழே வந்துவிடும், அவர்கள் மூட்டை மேலே போய்விடும்.

அவன் செருப்பைக் கழற்றினான். கன்னத்தைச் சுவரில் வைத்துக் கண்ணை மூடினான். உள்ளங்கைக்குத் தெரியாத வண்டு கன்னத்துக்குத் தெரிந்தது.

"இருக்கு!" என்று கத்தினான். "இன்னும் இருக்கு!"

அந்தப் பக்கம் மோட்டார் நின்றது. அவள் பிளம்பரிடம் சொல்வது கேட்டது. "மோட்டாரைக் கழட்டிடுங்க."