கழிவு பீக்கர்

கரிம வேதியியல் செய்முறைத் தேர்வுக்குப் போகும் பஸ்ஸில் அவள் போனைத் திறந்து பார்த்தாள். அழித்த கோப்புகளை ஒரு மாதம் வைத்திருக்கும் இணையப் பெட்டியில் பதினேழு ஒலிப்பதிவுகள் இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் சிவப்பு எழுத்தில் ‘இன்று நிரந்தரமாக அழிக்கப்படும்’ என்றிருந்தது. எத்தனை மணிக்கு என்று போடவில்லை. பார்த்தாள், மூடினாள், ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்தாள். அவ்வளவுதான்.

பதினேழும் அவள் கணவரின் குரல். இரண்டு மாதத்துக்கு முன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், அப்புறம் எழுந்திருக்கவில்லை. மருந்துக்கடையில் நாள் முழுக்க நிற்கிறவள் முப்பத்தெட்டு வயதில் பட்டம் படிக்கிறாள், புத்தகத்தைத் திறக்க அவளுக்கு நேரமேது என்று அவரே பாடத்தை வாசித்துப் பதிவு செய்து கொடுத்தார். மனுஷன் லாரி மெக்கானிக். கார்பனுக்கு நாலு கை என்பதைத் தவிர அவருக்கு அதில் ஒரு மண்ணும் புரியாது. ஆனாலும் ஒரு வரி விட மாட்டார். பக்க எண்ணை வாசிப்பார். ‘படம் ஐந்தைப் பார்க்க’ என்று போட்டிருந்தால் அதையும் வாசித்துவிட்டு, “பாத்துட்டேன், அம்புக்குறி இடது பக்கம் போகுது” என்று தகவலும் கொடுப்பார்.

அதைப் போய் அழிப்பாளா ஒருத்தி? திட்டுங்கள், நியாயம்தான். காரணத்தைக் கேட்டால் இன்னும் எரிச்சல் வரும். போனில் இடமில்லை, செய்முறை வீடியோ இறங்க மறுத்தது. அதிக இடம் பிடிப்பது எது என்று போன் காட்டியது, இவள் அழுத்திவிட்டாள். அதே நாளில்தான் அவருடைய சட்டைகளையும் மூட்டை கட்டி யாருக்கோ கொடுத்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அவர் போனதிலிருந்து மனசு மரத்துக் கிடந்தது. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி, கடித்தாலும் தெரியாது.

“அக்கா, சாப்ட்டீங்களா?” என்றாள் ஆய்வகத்தில் பக்கத்து மேடைக்காரி. வகுப்பே இவளை அக்கா என்றுதான் கூப்பிடும். அந்தப் பெண்ணுக்கு வகுப்பு வைத்த பெயர் வாயாடி.

“சாப்ட்டேன்னுதான் நினைக்கிறேன்.”

“எனக்குப் பயமா இருக்கு. உங்களுக்கு அதுவும் இல்ல. குடுத்து வச்சவங்க நீங்க.”

சொன்ன பிறகுதான் வாயாடிக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. கோபம் என்று ஒன்று வந்தால்தானே.

கொடுத்த கலவையிலிருந்து பென்சாயிக் அமிலத்தைப் பிரித்து, எடை போட்டுக் காட்ட வேண்டும். கலவையைக் கரைப்பானில் கரைத்துப் பிரிபுனலில் ஊற்றி, சோடா உப்புக் கரைசல் சேர்த்துக் குலுக்கினால், அமிலம் தண்ணீர்ப் பக்கம் போய்விடும். மற்றது கரைப்பானிலேயே தங்கிவிடும். எண்ணெயும் தண்ணீரும் போல இரண்டும் தனித்தனி அடுக்காக நிற்கும். தண்ணீர் அடுக்கை எடுத்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால், தேடியது வெள்ளையாகக் கீழே விழும்.

வருஷம் முழுக்க அவர்களுக்குக் கொடுத்த கரைப்பான் ஈதர். லேசானது, மேலே மிதக்கும், தண்ணீர் கீழே நிற்கும். கைக்கு அதுதான் பழக்கம். அக்கா கீழ் அடுக்கைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு, மேல் அடுக்கைக் கொட்டினாள். பிடித்ததில் அமிலத்தை விட்டாள். ஒன்றும் விழவில்லை.

“என்னம்மா, வரலையா?” என்று கேட்டார் தேர்வாளர் அம்மா.

“இல்ல மேடம்.”

“அரை மணிதான் இருக்கு, பாத்துக்கோ.” அவர் அடுத்த மேடைக்குப் போய்விட்டார்.

விட்ட அமிலம் கலக்காமல் மேலே மிதந்துகொண்டிருந்தது. அக்கா கரைப்பான் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தாள். டைகுளோரோமீத்தேன். தண்ணீரைவிடக் கனமானது, கீழே போய் உட்கார்ந்துகொள்ளும். ஆக, பத்திரப்படுத்தியது கரைப்பான். கொட்டியதுதான் வேண்டியது.

நல்ல வேளை, அந்த ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எதையும் நேரே தொட்டியில் ஊற்றக் கூடாது. மேடைக்கு ஒரு கழிவு பீக்கர். எடை போட்டுக் காட்டும்வரை அதைக் காலி செய்யக் கூடாது. வாயாடி அதை எச்சில் பாத்திரம் என்பாள்.

அக்கா எச்சில் பாத்திரத்தை முன்னால் இழுத்து அமிலத்தை விட்டாள். நுரை பொங்கி அடங்கியது. பிறகு பால் திரிவது போல வெள்ளை வெள்ளையாய்த் திரண்டு அடியில் இறங்கியது.

அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொட்டியது இருக்கிறது. காலி செய்யும்வரை இருக்கும். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அவளுக்குப் பயம் வந்தது, தேர்வைப் பற்றியே இல்லாத பயம். மணி பதினொன்றரை. போன் வெளியே பைக்குள் கிடக்கிறது.

வடிகட்டி, ஈரத்தோடு தராசில் வைத்துவிட்டாள்.

“காய வைக்கலையா? மார்க் போயிடும். இன்னும் பத்து நிமிஷம் இருக்கே.”

“எனக்கு இல்ல மேடம்.”

வராந்தாவில் பையைக் கவிழ்த்துப் போனை எடுத்தாள். பதினேழும் இருந்தன. மீட்கச் சொல்லி அழுத்தினால் ‘இடம் போதவில்லை’ என்றது. அட, சனியனே என்று செய்முறை வீடியோவை அழித்துத் தள்ளினாள். மறுபடி அழுத்தினாள். ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. வந்ததில் ஒன்றைக் காதில் வைத்தாள்.

“பக்கம் நூத்தி நாப்பது. பிரிபுனல். இரு, அடுப்புல தண்ணி கொதிக்குது, அணைச்சுட்டு வந்துர்றேன்.”

நாற்காலி நகரும் சத்தம். செருப்புச் சத்தம் தேய்ந்து போனது. பிறகு காலி அறையின் மின்விசிறிச் சத்தம். எங்கோ ஒரு கரண்டி விழுந்தது. முன்பெல்லாம் இந்த இடம் வந்தால் எரிச்சலோடு தள்ளிவிட்டு மேலே போவாள். இன்றைக்கு விரலை எடுத்து, ஓட விட்டாள்.

தேர்வு முடிந்து வெளியே வந்த வாயாடி அவள் முகத்தைப் பார்த்துத் திகைத்தாள். “அக்கா, என்னாச்சு? ஏன் அழறீங்க?”

அக்கா போனைக் காதிலிருந்து எடுக்காமல் கையைக் காட்டினாள்.

“இரு. அடுப்பை அணைக்கப் போயிருக்காரு. வந்துருவாரு.”