முப்பத்தேழு வீதம்

“கரண்ட் குடுக்க முன்னம் எதைத் தொடவேணும், சொல்லு பாப்பம்?” கஜீபன் ஒருநாள் தங்கை றஜிதாவிடம் கேட்டான். அவள் ஆளியை நோக்கிக் கை நீட்டினாள். அவனே அவளுடைய கையைப் பிடித்துக் கணினிப் பெட்டியின் இரும்புச் சட்டத்தில் வைத்தான். “உடம்பிலை இருக்கிற கரண்ட் இறங்கட்டும்.”

இப்போது அந்தச் சட்டத்தைத் தொட்டுவிட்டு அவள் ஆளியைப் போட்டு மின்சாரம் கொடுத்தாள்.

கஜீபன் விறாந்தையில் கிடத்தப்பட்டிருந்தான். காதிலிருந்து கழுத்து வரை தையல். வலது கையில் மூன்று விரல்கள் இல்லை. அதை வேட்டியால் மூடியிருந்தார்கள். முந்தநாள் மத்தியானம் முகத்தில் துணி கட்டிய ஐந்து பேர் வாள்களோடும் ஒரு கோடரியோடும் வந்தார்கள். வீட்டுக்கு முன்னால் ஒழுங்கையில் வாளோடு திரிந்தவர்களின் படத்தைக் கேற்றுக் கமராவிலிருந்து எடுத்துப் பொலிசுக்குக் கொடுத்தவன் அவன். அவனை வெட்டிச் சாய்த்த பிறகு கமராவை நொறுக்கினார்கள். படம் பதிவாகும் பழைய கணினியைக் கோடரியால் கொத்தினார்கள். பெட்டி பிளந்துபோனது. உள்ளேயிருந்த ஹார்ட் டிஸ்க்கில் ஒரு கீறல்தான்.

அதைப் போட்டுப் பார்க்க, கஜீபன் பாகம் பாகமாக வாங்கிப் பொருத்திய புதிய கணினி மட்டுமே வீட்டில் இருந்தது. அதில் விண்டோஸ் ஏறவில்லை. சாவதற்கு முன் மூன்று நாட்கள் அதோடு மல்லுக்கட்டினான். ஒவ்வொரு முறையும் நூற்றுக்கு முப்பத்தேழு வீதத்தில் உறைந்து நின்றது.

“வெளியிலை ஒருத்தரிட்டையும் குடுக்காதை, பொலிசிட்டையும். ஆர் ஆரின்ரை ஆள் எண்டு தெரியாது,” என்றார் சுதாகரன் மாமா. அம்மாவின் தம்பி. பந்தலுக்கு ஓலை வெட்டிய கத்தியோடு அப்படியே உள்ளே வந்திருந்தார். “மூண்டு மணிக்குப் பிரேதம் எடுக்க முன்னம் எனக்கு ஆளைக் காட்டு. இண்டைக்கே அவன்ரை வீட்டிலையும் சாப்பறை அடிக்கவேணும்.”

“ஓ.எல். சோதினை தாண்டாதவள் உதிலை என்னத்தைக் கிழிக்கப்போறாள்?” வாசலில் ஒருத்தி கேட்டாள்.

விண்டோஸ் ஏறத் தொடங்கியது. முப்பத்தேழு. நின்றது. மாமா பெட்டியில் ஓங்கி அறைந்தார்.

“அடியாதேங்கோ மாமா. இது ரேடியோ இல்லை.”

அண்ணன் பென்டிரைவை மாற்றியிருந்தான், கேபிளை மாற்றியிருந்தான். இரண்டு மெமறித் துண்டுகளை மட்டும் தொடவில்லை. புதுசு, பிழை இருக்காது என்று நம்பினான். அவள் ஒன்றைக் கழற்றினாள். மறுபடி முப்பத்தேழு. எஞ்சியிருந்ததை எடுத்துவிட்டு, முதலில் கழற்றியதைச் செருகினாள். விறாந்தையில் அம்மா தலையைத் தூணில் மோத, நாலு பேர் இழுத்துப் பிடித்தார்கள். திரையில் முப்பத்தெட்டு வந்தது. நாற்பது வந்தது.

“பழைய டிஸ்க்கையும் இப்பவே கொளுவு. நேரம் போகுது.”

“ஏலாது.”

மாமா அவளைப் புதிதாகப் பார்த்தார்.

“அது எந்த டிஸ்க்கிலை ஏத்திறதெண்டு கேக்கும். கை மாறி அமத்தினால் எல்லாம் அழிஞ்சுபோம். முடியட்டும்.” இவ்வளவு நீளமாக அவள் அவரோடு கதைத்ததே இல்லை.

முடிந்ததும் மின்சாரத்தை நிறுத்திப் பழைய டிஸ்க்கைக் கொளுவினாள். முந்தநாள் திகதியில் கடைசிப் பதிவைத் திறந்தாள்.

சத்தமில்லாத படம். கேற் திறந்தது. அண்ணன் கையை உயர்த்தினான். முதல் வெட்டு அந்தக் கையில் விழுந்தது. முழங்காலில் இருந்தவனை மூன்று பேர் மாறி மாறி வெட்டினார்கள். இன்னொருவன் முதுகில் மிதித்து வாளை இழுத்தெடுத்தான். மாமாவின் மூச்சு அவளுடைய பிடரியில் சுட்டது.

ஐந்தாவது ஆள் வெட்டவில்லை. கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு கமராவைப் பிடுங்க மதிலில் ஏறினான். வியர்வை கண்ணுக்குள் போயிருக்க வேண்டும். துணியை இறக்கி முகத்தைத் துடைத்தான்.

துவாரகன். மாமாவின் ஒரே மகன். காய்ச்சலில் படுத்திருக்கிறான் என்று மாமி காலையில் சொன்னவன்.

றஜிதா திரையை அணைக்கக் கை நீட்டினாள். மாமா மணிக்கட்டைப் பிடித்தார். எலும்பு நொறுங்கிவிடும் போலிருந்தது. படம் முடிந்து திரை கறுத்த பிறகும் பிடி தளரவில்லை.

“மாமா... நோகுது.”

விட்டார். கத்தியைக் கீழே வைக்காமலே எழுந்து நடந்தார். விறாந்தையில் பிரேதத்தின் தலைமாட்டிலிருந்து மொய்க்கும் இலையான் விரட்டிக்கொண்டிருந்த மாமி நிமிர்ந்தாள்.

“எங்கையப்பா போறியள்? எடுக்கிற நேரமாச்சு.”

அவர் அவளைத் தாண்டி, செருப்பைப் போடாமல் முற்றத்தில் இறங்கி, கேற்றைத் திறந்து தன் வீட்டுப் பக்கம் போனார்.