மூன்றாம் மேசையின் சிவப்பு அட்டைகள்

குடியிருப்பின் பழைய சைக்கிள் கொட்டகையை எல்லோருக்குமான பட்டறையாக மாற்றி இரண்டு வருடம் ஆகிறது. ரம்பம், உளி, டிரில் மெஷின் என்று அறுபது வீட்டுக்கும் பொதுவான சாமான்கள் அங்கே சுவர் நிறையத் தொங்குகின்றன. ஆனால் புதிதாக வருகிறவர்களுக்கு வேன்காரம்மா முதலில் காட்டுவது அந்தச் சுவரை அல்ல. எதிரே இருக்கும் உடைந்த சாமான்களின் அலமாரியைத்தான்.

காலையும் மாலையும் பள்ளி வேன் ஓட்டுகிறவள் அவள். நடுவில் கிடைக்கும் நேரத்திலும் விடுமுறை நாளிலும் பட்டறைச் சாமான்கள் அவள் பொறுப்பு. உடைந்ததைச் சத்தம் போடாமல் பழைய ஆணியிலேயே மாட்டிவிட்டு நழுவக் கூடாது என்பது அவள் கொண்டுவந்த வழக்கம். எந்த மேசையில், என்ன செய்யும்போது, என்ன சத்தம் கேட்டது என்று ஒரு சிவப்பு அட்டையில் எழுதி, பெயரையும் போட்டு, சாமானோடு கட்டி அலமாரியில் வைக்க வேண்டும். வைத்தவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது.

முதல் மாதம் ஒருவர்கூட எழுதவில்லை. இப்போதோ, "உங்க ஆஸ்பத்திரியில பெட்டு காலியா இருக்காம்மா?" என்று கேட்டுக்கொண்டே மூக்குடைந்த உளியோடு வருகிறார்கள். தன் தப்பைத் தன் கையாலேயே எழுதி, ஊர் பார்க்கத் தொங்கவிடும் மனிதர்கள் வேறெங்கே இருக்கிறார்கள்? அவளுக்கு உள்ளூரக் கர்வம் உண்டு.

அந்தக் கர்வத்துக்குத்தான் சோதனை வந்தது. இரண்டு மாதத்தில் ஐந்து டிரில் மெஷின்கள் புகைந்து செத்துப்போயின. மூன்று அட்டைகளில் புதிதாகச் சேர்ந்த தையல்காரியின் பெயர்.

பட்டறையின் செயலாளர் வேன்காரம்மாவின் சொந்த அண்ணன். ஞாயிற்றுக்கிழமை மதியமே வந்துவிட்டார்.

"இன்னும் ஒரே ஒரு மெஷின்தான் மிச்சம். இனிமே அந்தப் பொண்ணு கையில கரண்டு சாமான் குடுக்காதே. நாலு மணிக்குக் கூட்டத்துல சொல்லிடப் போறேன்."

"அவ வெட்டுமேசை பாதியில நிக்குதுண்ணே. அது முடிஞ்சாத்தான் பெரிய துணி விரிச்சு வெட்ட முடியும், பெரிய வேலை பிடிக்க முடியும்."

"அதுக்காக? அவ கை பட்டாலே மெஷின் மூச்சை விடுது!"

வாசலில் பலகையோடு நின்ற தையல்காரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். அழவில்லை. பலகையை இறக்கி வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: "அக்கா, நான் எழுதாமலே வெச்சிட்டுப் போயிருக்கலாம், இல்ல?"

வேன்காரம்மாவுக்குச் சுருக்கென்றது. உண்மையை எழுதியவளை இன்று வெளியே அனுப்பினால், நாளையிலிருந்து எவர் எழுதுவார்? அப்புறம் அலமாரியைக் கொளுத்திவிடலாம்.

ஐந்து அட்டைகளையும் அவிழ்த்து வரிசையாகப் பரப்பினாள். ஒவ்வொரு அட்டையும் வந்தபோது படித்திருக்கிறாளே தவிர, சேர்த்து வைத்துப் படித்ததில்லை. சத்தம் அடங்கியது, சூடானது, புகைந்தது. ஐந்திலும் அதே கதை. ஐந்திலும் மூன்றாம் மேசை.

"இங்க பாருண்ணே, இதுல ஒண்ணு உன் கையெழுத்து."

அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நான்... அது பழைய மெஷின்."

"உனக்குன்னா பழைய மெஷின், அவளுக்குன்னா ராசியில்லாத கையா?"

மிச்சமிருந்த மெஷினை இரண்டாம் மேசையில் சொருகிப் பலகையில் ஓட்டை போட்டாள். கணீரென்று ஓடியது. அதையே மூன்றாம் மேசைக்குக் கொண்டுபோனாள். குரல் இறங்கிவிட்டது, டாப் கியரில் மேடு ஏறும் வேனைப் போல முக்கியது. நாலு ஓட்டையோடு நிறுத்தினாள். சுவரோரம் போகும் ஒயரைத் தையல்காரி தொட்டுப் பார்த்தாள்.

"இஸ்திரி போட்டு மடிச்ச துணி மாதிரி வெதுவெதுன்னு இருக்குக்கா."

ஜன்னலோரம் வெளிச்சம் நன்றாக விழும் என்று இரண்டு மாதத்துக்கு முன்தான் மூன்றாம் மேசையை அங்கே நகர்த்தியிருந்தார்கள். அங்கே பிளக் இல்லை. அதனால் பக்கத்து அறையிலிருந்து நாற்பதடி ஒயர் இழுத்திருந்தது. பல்பு மாட்டியபோது மீந்த மெல்லிசு ஒயர். அவ்வளவு தூரம் அதில் போய்ச் சேரும் கரண்டு மெஷினுக்குப் போதவில்லை. திணறித் திணறியே எரிந்திருக்கின்றன.

அந்த ஒயரை இழுத்தவள் வேன்காரம்மா. பட்டறையில் அவள் தானாகச் செய்த முதல் கரண்டு வேலை அது.

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "யாரும் கேக்கப் போறதில்லை. பழைய ஒயர்னு சொல்லி மாத்திடுவோம். உன் பேர் எதுக்கு நடுவுல?"

அவள் மெயினை அணைத்துவிட்டு ஆணி ஆணியாகப் பிடுங்கி ஒயரைச் சுருட்டினாள். ஒரு சிவப்பு அட்டை எடுத்து எழுதினாள்: 'மூன்றாம் மேசை. மெல்லிய ஒயர். ஐந்து மெஷின்கள் இதனால் எரிந்தன. இழுத்தது நான்.' கீழே பெயரைப் போட்டாள்.

நாலு மணிக்குக் கூட்டம் சேர்ந்ததும் நடுவில் நின்று அதை உரக்கப் படித்தாள்.

"டாக்டரம்மாவே அட்மிட் ஆயிட்டாங்கடா!" என்றார் பின்வரிசைத் தச்சர். கொட்டகை அதிரச் சிரித்தார்கள். சிரித்தபடியே அவள் ஒயரை அலமாரியில், எல்லோர் கண்ணுக்கும் நேராக வைத்தாள். வேன் கற்றுக்கொண்டு முதல்முறை தனியாக ஓட்டி வந்த நாளில்கூட நெஞ்சு இப்படி நிமிர்ந்ததில்லை.

செயலாளர் எழுந்து தொண்டையைச் செருமினார். தையல்காரிக்குத் தடை எழுதிக் கொண்டுவந்த காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். "கனமான ஒயர் நான் வாங்கிட்டு வந்து இழுக்கறேன். அதுவரைக்கும் மூணாம் மேசை லீவு." பிறகு தையல்காரியின் பக்கம் திரும்பினார். "நீ தப்பா நினைக்காதேம்மா. நான்தான் முந்திரிக்கொட்டையா பேசிட்டேன்."

"பரவாயில்ல சார். உங்க அட்டையையும் படிச்சேன். எழுத்து அழகா இருக்கு."

தச்சர் யாரும் கேட்காமலே இரண்டாம் மேசையிலிருந்த தன் பலகைகளை ஒதுக்கினார். தையல்காரி பாதியில் நின்ற தன் வெட்டுமேசையை அதன் பக்கத்தில் இழுத்துப் போட்டு, மிச்சமிருந்த மெஷினைக் கையில் எடுத்தாள்.

"அக்கா, சும்மா நிக்காம இந்தக் காலைப் பிடிங்க. ஆடுது."

வேன்காரம்மா புடவையைச் செருகிக்கொண்டு தரையில் மண்டியிட்டு, மேசைக்காலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.