தண்ணியில்லாத இடம்

ஜெயமலர் ஒன்றைப் பிடித்தால் உடும்புப்பிடிதான். ரொறொன்ரோப் பக்கம், டோர்செட் பார்க்கில் அவள் குடும்பம் இருந்த பதினான்கு மாடிக் கட்டடம் முழுவதற்கும் அது தெரியும். போன கோடையில் அவள் கார்ச்சாவியை ஏரிக்குள் எறிந்த கதை ஸ்காபரோவில் கடை கடையாகப் போய்ப் பெருத்து, கடைசியில் காரையே தள்ளிவிட்டாளாம் என்று திரும்பி வந்தது. எறிந்தது சாவியை மட்டும்தான். புருசன் நவரட்ணம் ஏரிக்கரையில் மத்தியானம் தொடங்கிப் பியர் குடித்துவிட்டு, பத்து வயது மகள் லக்சிகாவைப் பின் சீற்றில் ஏற்றிக்கொண்டு தானேதான் கார் ஓடுவேன் என்று நின்றான். அவள் சாவியைப் பறித்து வீசினாள். மூன்று பேரும் நடந்துபோய் பஸ் பிடித்து வீடு வந்தார்கள்.

அதற்குப் பிறகும் குடி ஆறேழு மாதம் இழுபட்டது. தொண்ணூற்றாறு பெப்ரவரியில் நவரட்ணம் தானாகவே போய், ஒரு சேர்ச்சின் நிலவறையில் செவ்வாய்தோறும் கூடுகிற, குடியை விட்டவர்களின் கூட்டத்தில் சேர்ந்தான். அந்தச் சொல் அங்கேயிருந்துதான் வீட்டுக்குள் வந்தது. "நான் இண்டையோடை முப்பது நாள் ட்றை" என்றான் ஒருநாள். குடிக்காமல் இருப்பவனை, காய்ந்தவன் என்ற கருத்தில், அங்கே அப்படித்தான் சொல்வார்களாம். ஜெயமலருக்கு அது நல்ல சொல்லாகப் பட்டது. கலண்டரில் ஒவ்வொரு நாளையும் பச்சைப் பேனையால் கோடு கீறத் தொடங்கினாள்.

புதுச் சாவி அவளிடமே இருந்தது. கார் வேண்டுமென்றால் நவரட்ணம் அவள் முன்னால் வந்து நின்று வாயை ஊத வேண்டும். மணந்து பார்த்துவிட்டுத்தான் கொடுப்பாள். ஐந்து மாதமாக ஒருநாள் தவறவில்லை. அவனும் முகம் சுளித்ததில்லை, ஆனால் ஊதும்போது அவளுடைய முகத்தைப் பார்ப்பதுமில்லை.

ஒன்ராறியோ ஏரியைத்தான் கடல் என்று லக்சிகா நம்பிக்கொண்டிருந்தாள். இந்தக் கோடையில் உனக்கு உப்புக் கடல் காட்டுவேன் என்று அவன் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். ஜூலைக் கடைசியில் அவனுடைய பக்டரி இரண்டு கிழமை பூட்டும். அவனோடு வேலை செய்யும் சச்சிதானந்தனின் குடும்பமும் சேர, ஒரு ஆர்.வி. வாடகைக்கு எடுத்து நோவா ஸ்கோசியாவுக்குப் போவதென்று முடிவாயிற்று. ஆர்.வி. என்றால் படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளே பூட்டின பெரிய வான் வண்டி. அதைக் கடற்கரையில் எந்தக் காம்ப்பில் கொண்டுபோய் நிறுத்துவது என்று தெரிவு செய்கிற பொறுப்பை ஜெயமலர் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஊரில் காம்ப் என்றால் ஆமிக் காம்ப், விலத்தி நடக்கவேண்டிய இடம். இங்கே சனம் முன்கூட்டியே பதிந்து, காசு கட்டிப் போகிறது.

சச்சிதானந்தன் தங்கமான மனிசன். ஆனால் அவர் எங்கே போனாலும் ஒரு நீலப் பெட்டியும் கூடப் போகும். பெட்டிக்குள் ஐஸ், ஐஸுக்குள் பியர். அவரும் ஒரு இடம் பார்த்து வைத்திருந்தார். அங்கே நீச்சல் தடாகமும் இருந்தது, பாரும் இருந்தது.

"கடலுக்குப் பக்கத்திலை என்னத்துக்கு அண்ணை தடாகம்?" என்று கேட்டாள் ஜெயமலர்.

"பிள்ளையளுக்குத் தங்கச்சி."

பாரும் பிள்ளைகளுக்குத்தானோ என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். பாருக்குப் பக்கத்தில் பத்து நாள், அதோடு அந்த நீலப் பெட்டி. ஐந்து மாதத்துப் பச்சைக் கோடு ஒரு பின்னேரத்தில் அழிந்துவிடும் என்று அவளுக்குப் பயமாக இருந்தது. அதை நவரட்ணத்திடம் சொல்லவும் மனம் வரவில்லை. உன்னை நம்பவில்லை என்று எத்தனை தரம்தான் ஒரு மனிசனுக்குச் சொல்வது? வாயால் சொல்லாமல் இடத்தால் காரியத்தை முடிக்க வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டாள்.

தபாலில் இலவசமாக வந்த காம்ப் கையேட்டோடு தாயும் மகளும் மூன்று பின்னேரம் குசினி மேசையில் குந்தினார்கள். பார் இருந்த இடமெல்லாம் வெட்டுப்பட்டது. மூன்றாம் நாள் லக்சிகா ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள்.

"ஓஷன் ஃபிரண்ட். ஃபமிலீஸ் வெல்கம். ட்றை காம்பிங் ஒன்லி."

"என்ன ஒன்லி?"

"ட்றை அம்மா. லைக் அப்பா."

ஜெயமலர் புத்தகத்தை வாங்கித் தானும் எழுத்துக்கூட்டிப் பார்த்தாள். "தண்ணியில்லாத இடம்" என்றாள் மெல்ல. கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல இருந்தது.

உடனே ரெலிபோன் எடுத்தாள். பதிந்துகொண்ட பெண் கடைசியில், "யூ நோ இற்ஸ் ட்றை, ரைட்?" என்று கேட்டாள். "யெஸ், யெஸ். தற் இஸ் வை வீ ஆர் கமிங்" என்றாள் ஜெயமலர். அந்தப் பெண் சிரித்து, கெட்டிக்காரி என்று பாராட்டினாள். அன்றிரவு அந்தப் பக்கத்தை நவரட்ணத்திடம் காட்டினாள். அவன் வாசித்துவிட்டு, "நல்லது" என்று மட்டும் சொன்னான்.

புதன்கிழமை அவன் ஆர்.வி.யை எடுத்துக்கொண்டு வந்தான். வியாழன் பின்னேரம் ஒன்றரை மணித்தியாலமாகக் கீழே பார்க்கிங்கில் ஏதோ செய்துகொண்டிருந்தான். ஜெயமலர் இறங்கிப் போனபோது, வண்டியின் அடிவயிற்றில் இருந்த சாமான் அறையின் கதவைப் பட்டென்று சாத்தினான்.

"என்ன செய்யிறியள்?"

"ஒண்டுமில்லை. சாமான் அடுக்கிறன்."

ஒளித்துவைக்கிற மனிசனின் முகம் அவளுக்குப் புதிதில்லை. அந்தக் கதவைத் திறந்து பார்க்காமல் இந்த வண்டி ரொறொன்ரோவை விட்டு அசையாது என்று மனதுக்குள் எழுதிவைத்தாள்.

சனிக்கிழமை காலை சச்சிதானந்தன் மனைவி சந்திரவதனாவோடும் பிள்ளைகளோடும் நீலப் பெட்டியோடும் வந்தார். வரும்போதே குரல் உயர்ந்திருந்தது.

"தங்கச்சி, எங்களைக் கொல்லப் பாத்தியளே? நேற்று வேலையிலை ஒருத்தனைக் கேட்டனான். ட்றை காம்பிங் எண்டால் அங்கை பைப்பும் இல்லையாம், கரண்டும் இல்லையாம். வண்டியிலை கொண்டுபோறது முடிஞ்சால் முடிஞ்சதுதான். தண்ணியே இல்லாத இடம்!"

சந்திரவதனா சிரிப்பை அடக்க வாயைப் பொத்தினாள். ஜெயமலருக்குக் காது இரண்டும் சுட்டது. அப்படியென்றால் அந்தப் பெண் ரெலிபோனில் சிரித்தது இதற்குத்தான்.

"பரவாயில்லை. நான் பாத்த இடத்திலை இன்னும் இடம் இருக்கு. நான் கேட்டிட்டன்" என்றார் சச்சிதானந்தன்.

"இல்லை அண்ணை. நான் மாத்தமாட்டன்."

"அப்ப குளிக்கிறது?"

"கடல் இருக்கு."

"குடிக்கிறது?"

அந்த நேரம் பார்த்து நவரட்ணம் வண்டிக்குப் பின்னாலிருந்து வந்தான்.

"மாத்தத் தேவையில்லை. உங்கைதான் போறம்" என்றான்.

ஜெயமலர் அவன் பக்கம் திரும்பினாள். வெட்கமும் கோபமும் ஒன்றாகக் கிளம்பின. "அப்ப முதல்லை உந்தக் கதவைத் திறவுங்கோ. வியாழக்கிழமை உதுக்குள்ளை என்ன வைச்சனீங்கள்?"

"தண்ணி."

சச்சிதானந்தன் தொடையில் தட்டிச் சிரித்தார். ஐந்து மாதத்துப் பச்சைக் கோடும் போச்சு என்று ஜெயமலர் நினைத்தாள். நவரட்ணம் குனிந்து கதவைத் திறந்தான்.

உள்ளே எட்டு வெள்ளைப் பிளாஸ்டிக் கான்கள் மூடி இறுக்கி வரிசையாக நின்றன. அவள் ஒன்றை இழுத்து, மூடியைக் கழற்றி, மணந்து, கையில் ஊற்றிக் குடித்தும் பார்த்தாள். பைப் தண்ணீர்தான்.

"வண்டி எடுக்கேக்கை வாடகைக் கடை ஆள் கேட்டவன், ட்றையோ எண்டு. அப்பத்தான் எனக்கும் விளங்கினது" என்றான் அவன்.

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீர் வேறை இடம் தேடியிருப்பீர். நீர் ஏன் உந்த இடத்தை எடுத்தனீர் எண்டு எனக்குத் தெரியும்தானே."

பிறகு அவன் சச்சிதானந்தனைப் பார்த்தான். "அண்ணை, பாருக்குப் பக்கத்திலை பத்து நாள் நிண்டால் நான் குடிப்பன். என்னை எனக்குத் தெரியும். கோவிக்காதையுங்கோ, உங்கடை பெட்டியும் உதிலை ஏறக்கூடாது."

சச்சிதானந்தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் காருக்குப் போய், வீட்டுப் பக்கம் விட்டார். அரை மணித்தியாலத்தில் அதே பெட்டியோடு திரும்பி வந்தார். ஜெயமலர் கொஞ்சமும் கூச்சப்படாமல் மூடியைத் திறந்து பார்த்தாள். ஐஸும் பிள்ளைகளின் ஜூஸும் இருந்தன.

"ஆமிச் செக்கிங் பொயின்ற்றிலை நிக்கவேண்டிய ஆள் நீங்கள் தங்கச்சி" என்றார். சந்திரவதனா இந்தமுறை வாயைப் பொத்தாமலே சிரித்தாள்.

மற்ற எல்லோரும் ஏறியாயிற்று. நவரட்ணம் வழக்கம்போல ஜெயமலர் முன்னால் வந்து நின்று, நிலத்தைப் பார்த்துக்கொண்டு மூச்சை இழுத்தான். அவள் கைப்பையைத் திறந்து, வண்டிச் சாவியை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"இன்னும் ஊதேல்லை" என்றான்.

"தேவையில்லை. ஏறுங்கோ, மத்தியானத்துக்கு முன்னம் கிங்ஸ்ரன் தாண்டவேணும்."

அவன் நிமிர்ந்து அவளுடைய முகத்தைப் பார்த்தான். பிறகு சாவியைப் பொத்திப் பிடித்தபடி, சுற்றிப்போய் ஏறினான்.