நாலாவது கிளாஸ்

உயரக் கதிரையில் ஏறி உட்கார்ந்தபோது அன்னப்பூரணியின் கால் நிலத்துக்கு எட்டவில்லை. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்திருந்தாள். யாரும் கழற்றச் சொல்லவில்லை. பாசிக்குடா ஹோட்டலில் வெளிநாட்டுக்காரர் வைன் ருசி பார்க்கும் அறை அது. கண்ணாடிச் சுவர், சரித்து அடுக்கிய போத்தல்கள், ஏசிக் குளிர். கார்த்திகை மழைக்கு ஹோட்டலில் ஆட்களே இல்லை. மேசைக்கு அந்தப்பக்கம் நின்ற தேற்றாத்தீவுப் பிள்ளை அஜந்தா, நாலு கிளாசுகளை வரிசையாக வைத்தாள். பக்கத்தில் வாய் அகன்ற வெள்ளிநிற வாளி ஒன்று இருந்தது.

போன மாதம்வரை இந்த மேசைக்குப் பின்னால் அஜந்தாவோடு நின்று வேலை செய்தவன் அன்னப்பூரணியின் மகன் யதுர்ஷன். அவன் செத்து நாளை முப்பத்தோராம் நாள். பிடித்ததையெல்லாம் இலையில் படைக்க வேண்டும். புளிமாங்காய், எள்ளுருண்டை, எல்லாம் அவளுக்குத் தெரியும். “குடிச்சவனுக்குக் குடியும் வைக்கோணும். ஆசையோட அலைய விடக்கூடாது” என்று அண்ணன் தங்கராசா சொன்னபோது, அவள் தலையாட்டினாள்.

புருஷனின் படையலில் சாராயம் வைக்க விடாதவள் அவள். கசிப்புச் சாராயம் ஈரலைத் தின்று அவன் போன அன்று, பதினாலு வயது யதுர்ஷனின் கையைத் தன் தலையில் வைத்து, தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள். வளர்ந்து, இந்த அறையில் வேலை கிடைத்ததென்று அவன் கேக் பெட்டியோடு மாங்கேணி வீட்டுக்கு வந்தபோது, படலையைத் திறக்காமலே சொன்னாள்: “அந்த வாயோட இந்த வளவுக்குள்ள வராத.” எட்டு மாதம் அவன் வரவில்லை. பிறகு அவனை ஆஸ்பத்திரியில்தான் பார்த்தாள். வாழைச்சேனை வீதியில், மழைக்குள், மோட்டார் சைக்கிள் எருமையில் அடிபட்டதாம். குனிந்து கட்டிப்பிடித்தபோது சட்டையில் அந்த நாற்றம். எல்லோருக்கும் முன்னால் நெஞ்சிலடித்துக் கத்தினாள்: “தகப்பனப் போலக் குடிச்சே செத்துட்டானே.” அன்றிலிருந்து ஊரும் அதையேதான் சொல்கிறது.

“இதில அவனுக்கு எது பிடிச்ச, மகள்?”

“மனேஜர் ஒரு போத்தல் குடுக்கச் சொன்னவர் அம்மா. எதெண்டுதான் எனக்குத் தெரியா.”

“ஊத்து. நான் பாத்துச் சொல்றன்.”

அவனுடைய நாக்கு அவளுக்குத் தெரியாதா? காய்ச்சலில் படுத்திருக்கும்போதுகூட, கஞ்சியைத் தன் வாயில் வைத்துப் பார்த்தே அவன் குடிப்பானா துப்புவானா என்று சொல்லிவிடுவாள். இதையும் அப்படிக் கண்டுபிடித்துவிடலாம் என்றுதான் இரண்டு பஸ் ஏறி வந்திருந்தாள்.

முதல் கிளாசைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். “அழுகின தோடம்பழம். இதுக்கா வெள்ளக்காரன் கடல் தாண்டி வாறான்?” அஜந்தா சிரித்து, சிரித்ததற்காக வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டாவது புளித்தது, அவனுக்குப் பிடித்த புளி அல்ல. மூன்றாவது வாழைக்காய்த் தோலைக் கடித்ததுபோல நாக்கை இழுத்தது. காது சுட்டது. புருஷனைத் திட்டித் திட்டியே தேய்ந்த வாயில், ஐம்பத்தாறு வயதில், முதல் குடி.

நாலாவது கறுத்த சிவப்பு. உதட்டுக்குக் கொண்டுபோனவள் நின்றாள். கராம்பு. புகையிலை. ஈரப் பலகை.

“யது இத ஊத்தேக்க, எங்கட அம்மாட வெத்திலப் பெட்டி வாசம் எண்டு சொல்லுவான்” என்றாள் அஜந்தா. “வெள்ளைக்காரருக்கும் இங்கிலீசில அதத்தான் சொல்லுற. அவங்க அத எழுதி வேற எடுப்பாங்க.”

அன்னப்பூரணிக்கு மூச்சு இறங்கியது. “அப்ப இதான். இதத்தான் விரும்பிக் குடிச்சிருப்பான்.”

அஜந்தா வாளியின் விளிம்பைத் துடைத்தாள்.

“அவன் ஒண்டும் குடிக்கிறல்ல அம்மா. வாயில வெச்சுப் பாத்துட்டு இதுக்குள்ள துப்பிருவான். இந்த வேலைக்கு அப்பிடித்தான் பழக்குவாங்க. நல்லதாக் கிடைச்சா நாங்க விழுங்கிருவம். அவன் ஒரு சொட்டும் விழுங்கினல்ல. சாமியார் எண்டு பகிடி பண்ணுவம். நீங்க வெத்தில துப்புற மாதிரி எண்டு, இந்த வாளிக்கு அவன் வெச்ச பேர், அம்மாட படிக்கம்.”

“சட்டை மணத்ததே, மகள்.”

“அண்டைக்கு நிரம்பின வாளிய அவன் தூக்கேக்க நான் இடிச்சுப்போட்டன். நெஞ்செல்லாம் ஊத்துப்பட்டுட்டு. மாத்தச் சட்டை இல்ல. மழை கழுவிரும் எண்டு சிரிச்சிட்டுப் போனவன்.”

“அத ஏன் நீ ஆருக்கும் சொல்லல்ல?”

“சொல்லத்தான் செத்தவீட்டுக்கு வந்த நான். நீங்க கத்திக்கொண்டிருந்த நீங்க. எனக்கு வாய் வரல்ல.”

அன்னப்பூரணி கிளாசை ஒரே மூச்சில் வாய்க்குள் கவிழ்த்தாள். கன்னம் இரண்டும் உப்பின. வாளி வாயைத் திறந்துகொண்டு முன்னால் இருந்தது. முப்பது வருடம் வெற்றிலை போட்டவளுக்குத் துப்பக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

அஜந்தா அந்தப் போத்தலைப் பழைய பேப்பரில் வைத்து, சுற்றாமல் நின்றாள். வெளியே கேற்றடியில், கூட வந்த தங்கராசா குடையோடு காத்து நிற்பது தெரிந்தது.

“இதையே கட்டவாம்மா?”

அவள் துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை; வாய் நிறைய இருந்தது. கண்ணாடிக்கு அப்பால், எவ்வளவு தூரம் நடந்தாலும் முழங்காலைத் தாண்டாத அந்தக் கடல்மேல் மழை பெய்துகொண்டிருந்தது. கராம்பும் புகையிலையும் நாக்கில் சூடேற, அவள் அதைப் பார்த்தபடியே இருந்தாள்.