பிளாக்கில் இரண்டெழுத்து

எஞ்சினின் முன்பக்கம், வலது ஓரத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு வழவழவென்று ஒரு பட்டை இருக்கும். கார் செய்யும்போதே அதன் கம்பெனி எண்ணை அங்கேதான் குத்துவார்கள். நோரீன் அதன் மேலிருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து டார்ச் அடித்தாள். கார் எண் இல்லை. பழுதான எஞ்சினுக்குப் பதிலாகக் கம்பெனி அனுப்பும் மாற்று எஞ்சின் பிளாக்குகளில் குத்துகிற இரண்டெழுத்துக் குறிதான் இருந்தது. அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

சாகினா ஊர்த் திடலில் வருடாவருடம் நடக்கும் பழைய கார் கண்காட்சியில் அவள் நடுவர். இந்தச் சிவப்புக் கார் அப்பாவுடையது. சாகும்போது அதைத் தங்கை க்வென்னுக்கு எழுதிவைத்தார், மூத்தவளுக்குக் கைக்கடிகாரம். க்வென் இந்த வருடம்தான் அதை முதல்முறையாகக் கொண்டுவந்திருந்தாள். காலையிலிருந்து அதைச் சுற்றித்தான் கூட்டம். தங்கை வண்டி என்று சொல்லாமலே நோரீன் அந்த வரிசைக் கார்களுக்கு மதிப்பெண் போடும் பொறுப்பைக் கேட்டு வாங்கியிருந்தாள்.

"இது ஒரிஜினல் எஞ்சின் இல்ல. மாத்துனது," என்றாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

பன் தின்றுகொண்டிருந்த க்வென் உதட்டிலிருந்த கடுகுச் சாந்தைத் துடைத்துக்கொண்டாள். "தெரியுமே. மாத்துறப்ப நானும் இருந்தேன்."

"எப்ப?"

"நீ அந்த டிரம்ஸ்காரன்கூட நாஷ்வில்லுக்கு ஓடிப்போனியே, அப்ப. உன்னைத் தேடித்தான் கிளம்புனோம். வண்டி புதுசு, அப்படி விரட்டக்கூடாது. அப்பா எங்கயும் நிறுத்தவே இல்ல. இண்டியானாவுல எஞ்சின் ஜாம் ஆயிடுச்சு. கம்பெனிக்காரங்ககிட்ட சண்டை போட்டு வேற வாங்குனாரு."

"என்கிட்ட யாரும் சொல்லலியே."

"அதுக்குள்ள நீயே வீட்டுக்கு வந்துட்ட. அவ கூசிப்போவா, சொல்லாதேன்னாரு அப்பா. ரெண்டு மூணு நாள் அந்தப் பட்டறை பெஞ்சுலயே கிடந்தோம். ஒரே தட்டுல சாப்பிட்டோம். அவர் அழுது நான் பார்த்தது அங்கதான்."

தன்னைத் தேடி வந்திருக்கிறார். நோரீனுக்கு நெஞ்சு நிறைந்திருக்க வேண்டும். ஆனால் கண்ணில் நின்றது அந்த பெஞ்சுதான். ஒரே தட்டு, அப்பாவின் தோளில் சாய்ந்த பத்து வயது க்வென். தனக்காக அவர் அழுத அழுகையும் இவளுக்கே போயிருக்கிறது.

எஞ்சினுக்கான மதிப்பெண்ணை முழுசாகக் கழித்தாள்.

"கழிச்சுக்கோடி, பரவாயில்ல," என்று சிரித்தாள் க்வென். "வா, ஒரு சுத்து போயிட்டு வரலாம். நீ இதுல ஏறுனதே இல்லியே."

க்வென் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்ப, வண்டி உறுமியது. நோரீன் தூக்கிய பானெட்டைப் பிடித்தபடியே நின்றாள். எஞ்சின் விசிறிக் காற்று முகத்தில் அடித்தது. பானெட்டுக்கு அப்பால், தங்கை உள்ளிருந்தே எட்டித் தள்ளிய மறுபக்கக் கதவு திறந்து, லேசாக ஆடி நின்றது.